அவர்கள் மலை இறங்காத வருஷம்

என் கணவர் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்தில், அவருடைய மேடைப்பேச்சை முதலில் கேட்கிற பாக்கியம் எங்கள் வீட்டு பீரோவுக்குத்தான் வாய்க்கும். ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ. அதன் முன்னால் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பிப்பார். அடுப்படியில் இருக்கும் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். கைதட்டலுக்காக அவர் நிறுத்தும் இடம்கூட எனக்குத் தெரியும். கண்ணாடியா கை தட்டும்? நான்தான் கரண்டியால் சட்டி விளிம்பில் ரெண்டு தட்டுத் தட்டுவேன். கேலிக்குத்தான். அது அவருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே தொடர்வார்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பீரோ இருக்கிறது. தெருவில் எங்காவது குழாய் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று யாராவது சொன்னால் போதும், எழுந்துவிடுவேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அரசியல் பேச்சு இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். அரசியல் எனக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். அவர் வாயிலிருந்து குழாய் வழியாகப் போய், எதிர் மலையில் மோதித் திரும்பி வந்த ஒரு வார்த்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

எங்கள் வீடு அய்யம்பாளையத்தில், மலைப்பாதை ஊருக்குள் நுழைகிற முனையில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கீழே இருக்கிற சனம் காப்பிப் பழம் எடுக்க ஆடலூர்ப் பக்கம் ஏறும். தை மாதம் பழம் முடிந்ததும் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் தை மாதம் வந்ததில்லை. விடிகிற நேரத்தில் சட்டிபானை மோதுகிற சத்தம், கூடைக்குள் கோழிகள் கத்துகிற சத்தம், தூக்கம் கலைந்த பிள்ளைகளின் அழுகை, எல்லாம் ஒன்றாக வாசலைக் கடந்து போகும். மெதுவாக நடக்க மாட்டார்கள். கீழே நெல் அறுப்பு காத்திருக்கும்.

அதிலே ஒரு வழக்கம் இருந்தது. அறுப்புக்கு ஆள் சேர்க்கிற அன்று வீட்டுக்கு ஒருத்தர் அரிவாளோடு பண்ணைக்காரர் களத்தில் போய் நிற்க வேண்டும். நின்றவர் வீட்டுக்குத்தான் அந்த வெள்ளாமையில் வேலை. அப்பன் நின்ற இடத்தில் மகன் நிற்பான். ஒரு வருஷம் வந்து நிற்காவிட்டால் அந்த இடம் வேறொரு வீட்டுக்குப் போய்விடும். போனது போனதுதான், காலில் விழுந்தாலும் கிடைக்காது. ஆக, இந்தச் சனத்துக்கு மலையில் மூன்று மாதம், கீழே அறுப்பு, பிறகு கிடைத்த கூலி என்று வருஷம் ஓடும். ரெண்டு காலில் எது வழுக்கினாலும் விழவேண்டியதுதான்.

இறங்குகிற கூட்டத்தில் ஒருத்தி ஒவ்வொரு வருஷமும் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்பாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பின்னால் அவள் புருஷன், ஒடிசலான நெட்டை ஆள், தலையில் கோழிக்கூடையோடு பேசாமல் நிற்பான். அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். "அம்மா, மலத்தண்ணி குடிச்ச வாய்க்கு ஒங்க கெணத்துத் தண்ணி உப்பாத்தான் இருக்கு. ஆனா இதக் குடிச்சாத்தேன் ஊருக்கு வந்துட்டோம்னு தோணுது" என்பாள். செம்பைக் கழுவி வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போவாள். எங்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான். அவளை எனக்குப் பிடிக்கும்.

ஐம்பதுகளின் நடுவில் எஸ்டேட் வேலைக்காரர்களுக்காக ஒரு சட்டம் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அதுவரை துரை கண்ணைக் காட்டினால் கங்காணி ஆளை வெளியே தள்ளிவிடுவான். காலையில் வேலைக்குப் போனவன் மத்தியானம் பெண்டாட்டி பிள்ளையோடு ரோட்டில் நிற்பான். அதை நிறுத்தவேண்டும் என்று என் கணவர் சென்னைக்கும் மலைக்குமாக அலைந்தார். அவர் கேட்டது ரெண்டு. எஸ்டேட்டில் வருஷம் முழுக்க இருந்து வேலை செய்கிறவர்களை நினைத்தபடி நிறுத்தக் கூடாது. பழம் எடுக்க வருஷா வருஷம் வந்து போகிறவர்களையும் நிரந்தர ஆட்களாகச் சேர்க்க வேண்டும். கேட்ட அன்றே எனக்குத் தெரியும், ரெண்டும் கிடைக்காது என்று. துணிக்கடையில்கூடக் கேட்ட விலைக்குப் படிந்ததில்லையே.

பேரம் முடிந்தது கொடைக்கானலில், ஒரு சீசன் நேரத்தில். தோட்ட முதலாளிகள் தங்கியிருந்த பங்களா. என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஆண்கள் உள்ளே கணப்புப் பக்கம் உட்கார்ந்து பேச, நான் கண்ணாடி அடைத்த வராந்தாவில் ஒரு முதலாளியின் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா நல்ல மாதிரி. "கேக் எடுத்துக்குங்க, மிஷன் ஸ்கூல்ல படிச்ச பையன் செஞ்சது, முட்டை கம்மி" என்று உபசரித்தார். வெளியே ஏரி இருந்த இடத்தில் மூட்டம் மட்டும் இருந்தது. உள்ளே ஒருவர் குரலை உயர்த்துவதும் மற்றவர் தணிப்பதும் கேட்டது. பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. பேரம் படிந்த சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் ஜீப்பில் திரும்பினோம். பெருமாள்மலை தாண்டியதும் சொன்னார்: "பழம் எடுக்க வர்றவங்கள விட்டுக்கொடுத்தாத்தான் மத்தது. இல்லைன்னா மசோதாவே எந்திரிக்காதுங்கறாங்க. விட்டுக்கொடுத்துட்டேன்."

"அப்ப மத்தவங்களுக்காவது கெடச்சிருச்சில்ல" என்றேன்.

"கெடச்சிருச்சு. அது சின்ன விஷயமில்ல. ஆயிரம் குடும்பம் இனிமே பயமில்லாமத் தூங்கும்."

அவர் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். முழுசாகக் கொடு, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம் என்று வீம்பாக எழுந்து வந்திருந்தால், ரோட்டில் நின்றவன் ரோட்டிலேயே நின்றிருப்பான். பேரம் பேசுவது ஒரு பாவமில்லை. குடும்பம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? பேரத்தை வெளியே வந்து எப்படிச் சொன்னார் என்பதுதான் என் ஆற்றாமை.

சட்டம் நிறைவேறிய பிறகு கட்சியின் ஜில்லாத் தலைவர் ஒருவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். பெரியவர், எல்லாருக்கும் அண்ணன். ஆடலூரில் கூட்டம் போட்டு சட்டத்தை விளக்குவதென்று முடிவாகியிருந்தது. என் கணவர் பேச்சை அவருக்குப் படித்துக் காட்டினார். "நாங்கள் ரெண்டு கேட்டோம், ஒன்றுதான் வாங்க முடிந்தது" என்றுதான் அது ஆரம்பித்தது. பழம் எடுக்க வருகிறவர்கள் விட்டுப்போனதை முதல் பாராவிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதுக்குப் போயிருந்தார். கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. கரண்டியைத் தட்டத் தோன்றவில்லை.

அண்ணன் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "தம்பி, இது பேச்சில்ல, பாவமன்னிப்பு" என்றார். "செயிச்சிட்டு வந்து தோத்தவன் மாதிரிப் பேசுறீக. பாதினு நீங்க சொன்னா, எதிர்க்கட்சிக்காரன் மீதிப் பாதியத் தூக்கிட்டு ஊரு ஊராப் போவான். நல்லதச் சொல்லுங்க. விட்டுப்போனத அடுத்த தடவ பாத்துக்கலாம்."

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. "அண்ணே, பந்தியில கொழம்பு கொறச்சலா இருந்தா எலை போடுறதுக்கு முந்தியே சொல்லிரணும். உக்காந்தவன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டு அண்ணாந்து பாக்கும்போது சொன்னா, சட்டியோட நம்ம மூஞ்சியில வீசுவான்" என்றேன்.

"தங்கச்சி பேசினா ஒரு தொகுதி கூடுதலா செயிக்கலாம்" என்று அண்ணன் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அன்றைக்குப் பேச்சில் எதையும் மாற்றவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கூட்டம் கார்த்திகைக் கடைசியில், பழம் எடுப்பு மும்முரமாக நடக்கும்போது நடந்தது. ஆடலூருக்கு மேலே ஒரு காப்பிக் களத்தில் பெஞ்சு போட்டு மேடை. அதில் அவருக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். சில்வர் ஓக் மரத்தில் குழாயைக் கட்டியிருந்தார்கள். எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப்பக்கம் செங்குத்தான மலை. மைக்கில் எது சொன்னாலும் அந்த மலை கடைசி வார்த்தையை ஒருமுறை திருப்பிச் சொல்லியது. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. முன்னால் வருஷம் முழுக்க இருக்கிற ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், பழம் எடுக்க வந்தவர்கள் நின்றார்கள். அவளும் நின்றாள். என்னைப் பார்த்ததும் தலையை அசைத்தாள்.

அவர் எழுதியபடிதான் ஆரம்பித்தார். "நாங்கள் ரெண்டு கேட்டோம்." கூட்டம் வெறுமனே பார்த்தது. ஒருவன் பீடி பற்றவைத்தான். மேடையில் பேசிப் பழகியவருக்கு அந்த மௌனம் தாங்காது. இரும்பைக்கூட விழுங்கலாம், கைதட்டாத கூட்டத்தை விழுங்க முடியாது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். சட்டென்று தாளை மடித்தார். "இனிமே ஒங்கள இந்த மலையவிட்டு ஒருத்தனும் அசைக்க முடியாது!" என்றார். களமே அதிர்ந்தது. "முடியாது" என்று மலையும் சொன்னது. அதற்கப்புறம் அவர் தாளைப் பிரிக்கவே இல்லை.

பேச்சு முடிந்து மாலை போட்டார்கள். சந்தடி அடங்கும் நேரத்தில் ஓரத்திலிருந்து அவள் குரல் வந்தது. "அய்யா, பழமெடுக்க வர்ற எங்களுக்குமாங்க?"

அவர் என்னைப் பார்த்தாரா, அண்ணனைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மைக் வாய்க்கு எதிரேதான் இருந்தது. "எல்லாருக்கும்தாம்மா" என்றார்.

பள்ளத்தைத் தாண்டிப் போய் அந்த வார்த்தை திரும்பி வந்தது. அவள் புருஷன் முதல்முறையாகச் சிரித்ததை நான் பார்த்தேன். குழந்தையைத் தலைக்குமேல் தூக்கினான்.

ஜீப்பில் மலை இறங்கும்போது நான் கேட்டேன்: "என்னங்க இப்படிச் சொல்லிட்டீங்க?"

"அடுத்த கூட்டத்தொடர்ல எப்படியும் சேத்துருவேன். அந்த அர்த்தத்துலதான் சொன்னேன்."

"அந்த அர்த்தம் ஒங்க மனசுல கெடக்கு. அவ காதுல விழுந்தது வேற."

"இந்தா, நீ சும்மா இரு. சனத்துக்கு நம்பிக்கை வேணும்" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். கழுத்தில் கிடந்த சாமந்தி மாலை வண்டி குலுங்கக் குலுங்க உதிர்ந்துகொண்டிருந்தது.

தை பிறந்தது. பொங்கல் முடிந்தது. பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் தெருவில் போய்த் திரும்பிவிட்டார்கள். மலையிலிருந்து யாரும் இறங்கவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒரு காலை எழுந்து வாசல் தெளிக்கும்போது, ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. பாதையைப் பார்த்தேன். பனி மூடி வெறுமனே கிடந்தது. அடுத்தநாளும் அப்படியே. பேய் வீட்டு வாசலில் வருவதைப் பற்றி நிறையக் கதை கேட்டிருக்கிறேன். வரவேண்டியவர்கள் வராமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர்ச் செம்பை எடுத்து வாசல் பக்கம் வைத்துவிட்டு, எதற்கு வைத்தேன் என்று நானே விழித்தேன்.

மலையிலிருந்து வாழைத்தார் கொண்டுவந்த வண்டிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "அவுக இனி எறங்க மாட்டாகம்மா. சட்டம் வந்துருச்சுல்ல? எறங்கினா எடம் போயிரும்னு லயத்துலயே உக்காந்துட்டாக. வேல ஒண்ணும் இல்ல. கெழங்கத் தோண்டித் தின்னுக்கிட்டு கெடக்காக."

பஸ்ஸில் துண்டைப் போட்டுவிட்டு இடத்தைவிட்டு அசையாமல் இருப்பவனைப்போல அவர்கள் இருந்தார்கள். எழுந்தால் போய்விடும் என்று பயம். அன்றைக்கு மைக்கில் கேட்டது அதுதானே: இந்த மலையைவிட்டு அசைக்க முடியாது. அசையாமல் இருந்தார்கள். கீழே பண்ணைக்காரர் களத்தில் ஆள் சேர்க்கிற நாள் அதற்குள் வந்து போய்விட்டது. அவர்கள் நிற்கவேண்டிய இடங்களில் வேறு வீட்டுக்காரர்கள் அரிவாளோடு நின்றார்கள். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்று எங்கள் தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். நானும் எத்தனையோ தடவை சொன்ன பழமொழிதான். அன்றைக்கு அது வாயில் கசந்தது.

அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "நான் போய்ச் சொல்றேன்" என்றார். அண்ணனைக் கூப்பிடவில்லை, மைக் செட்டும் இல்லை. நானும் கூடப் போனேன்.

லயம் என்பது வேலைக்காரர்கள் குடியிருக்க ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள். பழம் எடுக்க வருகிறவர்களுக்கு அதில் கடைசி வரிசை. மூன்று மாதம் தங்கிப் போகிற இடம் என்பதால் அங்கே யாரும் எதையும் அலங்காரம் செய்வதில்லை. அன்று நாங்கள் போனபோது வாசல் ஒவ்வொன்றிலும் கோலம் போட்டிருந்தது. சுவருக்குச் செம்மண் பூசியிருந்தார்கள். அவள் அறைக்கு முன்னால் அவரைக்கொடி நட்டு, பந்தலுக்கு நாலு குச்சி ஊன்றியிருந்தது. ரெண்டு இலைதான் விட்டிருந்தது. அவரை காய்க்க மாசக்கணக்கில் ஆகும். வந்து போகிறவன் அவரை நட மாட்டான். என் கணவர் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அவருதேன் நட்டாரு" என்றாள் அவள், புருஷனைக் காட்டி. "காய்ச்சதும் மொதப் பறிப்பு ஒங்க வீட்டுக்குத்தேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு." கன்னம் ஒட்டியிருந்தது. குழந்தை அவள் தோளில் துவண்டு கிடந்தது. ஆனாலும் சிரித்தாள்.

அவர் சொன்னார். மைக் இல்லாமல், சின்னக் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு. சட்டம் வருஷம் முழுக்க இருக்கிறவர்களுக்குத்தான். உங்களுக்கு இன்னும் வரவில்லை. வரவைக்கப் பார்க்கிறேன். இப்போது இங்கே இருந்து பிரயோசனமில்லை, இறங்குங்கள்.

அவள்தான் கேட்டாள்: "அப்ப அன்னிக்கி எல்லாருக்கும்னு சொன்னீகளே?"

"சொன்னேன்" என்றார்.

அவள் புருஷன் போய் குச்சிகளில் ஒன்று சாய்ந்திருந்ததை நிமிர்த்தி மண்ணை மிதித்துவிட்டு வந்தான். எதற்காக அதைச் செய்தான் என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கை சும்மா இருக்க முடியாமல் செய்திருப்பான்.

அவர்கள் மறுநாள் இறங்கினார்கள். எங்கள் வாசலைக் கடக்கும்போது கோழிகள் இல்லை, விற்றோ தின்றோ ஆகியிருக்கும். அவள் தண்ணீர் கேட்கவில்லை. நான் செம்போடு நின்றேன், அவள் தலைச்சுமையை ஒரு கையால் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு போனாள். கீழே அறுப்பில் இடம் இல்லை. அவள் புருஷன் வேலை தேடிப் போடிப்பக்கம் போய், அங்கிருந்து ஏலமலைக்கு ஏறினான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் வரவில்லை, பிறகு எந்த வருஷமும் வரவில்லை. செத்தானா, வேறு குடித்தனம் கட்டிக்கொண்டானா, யாருக்கும் தெரியாது.

என் கணவர் பீரோ முன்னால் நின்று பேசுவதை நிறுத்தினார். கண்ணாடியில் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டார். நான் எடுத்தால் மறுபடியும் தொங்கவிடுவார். சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக ஆடலூர் போனோம். லயத்துப் பக்கம் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். அவள் இருந்த அறை சாத்திக் கிடந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமலும் அவரைக்கொடி பிழைத்திருந்தது. குச்சிகளை விட்டுவிட்டு கதவில் ஏறி, நிலைப்படி முழுக்கப் படர்ந்து பூத்திருந்தது. கதவைத் திறக்கவேண்டுமென்றால் கொடியை அறுத்தாக வேண்டும். அவர் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

அதன்பிறகு அவர் ரெண்டு தேர்தலில் நின்றார். வாய்ப்பு வந்தபோதெல்லாம் அந்த ஒரே விஷயத்தைக் கிளப்பினார். கட்சிக்குள்ளேயே இவருக்கு வேற சோலி இல்லையா என்று கேட்டார்கள். அறுபதுகளின் நடுவில் அது கிடைத்தது. பழம் எடுக்க வருஷா வருஷம் வருகிறவர்களையும் நிரந்தர ஆட்களாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று திருத்தம் வந்தது. இந்தத் தடவையும் முதலாளிகள் ஒரு முடிச்சுப் போட்டார்கள். பழம் எடுப்பு முடிந்த பிறகு அதிகாரி எஸ்டேட்டுக்கு வருவார். அதுவரை அவர்களை யாரும் லயத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது; ஆனால் அவர் வரும்போது அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் வேலை. இறங்கிவிட்டவர்களுக்கு இல்லை. அதையும் வேண்டாம் என்று வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை.

கூட்டம் அதே களத்தில். இந்தத் தடவை பேச்சை எனக்குத்தான் படித்துக் காட்டினார். முதல் வரியே முடிச்சைப் பற்றித்தான். எதை விட்டுக்கொடுத்தேன், ஏன் விட்டுக்கொடுத்தேன், யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எழுதியிருந்தார். இலை போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் கரண்டியால் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

தை மாதக் கடைசி, காலை வேளை. அதே மரம், அதே மாதிரிக் குழாய். எனக்குப் பகீரென்றது கூட்டத்தைப் பார்த்துத்தான். வந்திருந்தார்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். உட்காரவில்லை. தலையில் மூட்டை, கையில் சட்டிபானை, கூடைக்குள் கோழி, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நின்றே கேட்டார்கள். அவர் கெஞ்சாத குறையாகப் பேசினார். "இன்னும் கொஞ்சநாள் பொறுங்க. அதிகாரி வர்ற வரைக்கும் இருங்க. இப்ப எறங்காதீங்க." எறங்காதீங்க என்று மலையும் சொன்னது. யாரும் கை தட்டவில்லை. பேசி முடிக்கும்வரை மரியாதையாக நின்றுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பாதையில் இறங்க ஆரம்பித்தார்கள். கீழே ஆள் சேர்க்கிற நாள் நெருங்கியிருந்தது. பறிபோன இடத்துக்குப் பதிலாக, வேறு பண்ணைக்காரர் களங்களில் வருஷக்கணக்கில் காத்துக்கிடந்து பிடித்த இடங்கள் அவை.

அவரை மேடையிலேயே விட்டுவிட்டு நான் பாதைக்கு ஓடினேன். கூட்டத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முன்னால் அவள் மகள், அன்று தோளில் துவண்டு கிடந்த பிள்ளை, இப்போது தன் தலையில் ஒரு மூட்டையைச் சுமந்து போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, நில்லு. இந்தத் தடவ நெசம். சாமி சத்தியமா நெசம். எறங்கினா போயிரும்."

அவள் நின்றாள். கோபமே இல்லை அந்த முகத்தில். இருந்திருந்தால் என்னால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும்.

"இருக்கும்மா" என்றாள். "அன்னிக்கும் அய்யா சொல்லையில நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீக."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மகளைப் பார்த்து, "வெரசா நட, களத்துக்கு நேரமாச்சு" என்றாள். அன்று அவர்களை அந்த மலையைவிட்டு இறக்க சட்டப்படி யாராலும் முடியாது. அவர்களாகவே இறங்கிப் போனார்கள்.